குளத்துக்கு வந்து சேராத கப்பல்

டைப்ரைட்டரில் ரிப்பனை இறக்கிவிட்டு அடித்தால் தாளில் எழுத்து விழாது, கீறல்தான் விழும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை அப்படித்தான் ‘வெட்டுவோம்’. உசிலம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்துத் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். 1970களின் கடைசி. எழுமலைப் பக்கம் ஸ்டென்சில் வெட்டத் தெரிந்தவர்கள் சொற்பம் என்பதால், பள்ளிக்கூடம் ஒன்றின் அரைப்பரீட்சைக் கேள்வித்தாள் வேலை என்னிடம் வந்தது. சுழி வரும் எழுத்தை ஓங்கித் தட்டினால் சுழிக்குள் இருக்கிற மெழுகு வட்டமாகப் பெயர்ந்துவிடும். அச்சில் அந்த இடத்தில் எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புப் பொட்டு நிற்கும். தப்படித்தால் நகப்பாலிஷ் வாடை வீசும் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்த பிறகு அதன் மேலேயே அடிக்க வேண்டும். அப்புறம் தாளை சைக்ளோஸ்டைல் மெஷின் உருளையில் மாட்டி, மை தடவி, கைப்பிடியைச் சுற்றினால் சரக் சரக்கென்று பிரதிகள் வந்து விழும்.

முதல் நாலைந்து தாளில் மை சரியாகப் பிடிக்காது. அவற்றைக் கசக்கிக் கூடையில் போடுவோம். வில்லங்கமே அந்தக் கூடைதான். நல்ல பிரதிகளை எண்ணிக் கட்டி, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டுவார்கள். கூடையை எண்ணுவாரில்லை. ஒரு வருடம் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பையன் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான். உள்ளே மறுநாள் காலை வரவேண்டிய வட்டிக் கணக்கு இருந்திருக்கிறது. விடிவதற்குள் ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் அந்த வட்டி பாடம். பழி யார்மேல் என்று பெரிய விசாரணை நடந்தது. சுண்டல்காரர்தான் பாவம், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சத்யஜித் ராய் எழுதிக் கடைசிவரை படமாகாமல் போன ‘தி ஏலியன்’ திரைக்கதையின் வரலாற்றைப் பல வருடம் கழித்துப் படித்தபோது ஒரு வார்த்தையில் அப்படியே நின்றுவிட்டேன். அமெரிக்காவில் அந்தத் திரைக்கதை மிமியோகிராஃப் பிரதிகளாகச் சுற்றியது என்று ராய் சொல்லியிருந்தார். நம் பேச்சில் சைக்ளோஸ்டைல். மிச்ச வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடை ஞாபகமாகவே இருந்தது.

அந்தக் காகிதக்கட்டு பிறந்தது ஒரு சிறுவர் பத்திரிகையில். ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ நின்றுபோயிருந்தது. பேரன் அதை 1961இல் மறுபடி நடத்த ஆரம்பித்தார். பத்திரிகை நடத்துகிறவருக்கு மாதாமாதம் பக்கம் நிரப்ப ஏதாவது வேண்டும். 1962இல் ‘பங்குபாபுவின் நண்பன்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். பங்குபாபு ஒரு கிராமத்து வாத்தியார். 22 வருடம் பாடம் நடத்தியவர், அடித்துப் பேசத் தெரியாதவர். சாயங்காலம் வக்கீல் வீட்டுத் திண்ணையில் கூடும் பெரிய மனிதர்களுக்கு அவரைக் கேலி செய்வதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் இரவு மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஆங் என்கிற பிராணியைச் சந்திக்கிறார். ப்ளூட்டோவுக்குப் போகக் கிளம்பி வழி தப்பி பூமியில் இறங்கியது அது. வாத்தியாருக்கு வடதுருவத்தை ஒரு குழாய் வழியாகக் காட்டுகிறது. மறுநாள் பங்குபாபு அந்தத் திண்ணைக்குப் போய், இத்தனை வருடம் பட்ட கேலிக்கு மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். அவ்வளவுதான் கதை.

அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகத்தார் வந்தால் நேரே வாஷிங்டனில் இறங்குவார்கள், இல்லையென்றால் வந்ததும் சுட ஆரம்பிப்பார்கள். ராயின் பிராணி ஊரே இளக்காரமாகப் பார்க்கும் ஒரு ஆளைத் தேடிப் போய்ப் பேசுகிறது. என்னைக் கேட்டால், இந்தக் காகிதத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பின்னால் பிரதி எடுத்தவர்கள், எடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் எல்லாம் பிராணியின் விரலையும் கண்ணையும் எடுத்துக்கொண்டார்களே ஒழிய, இதை அதன் முழுக் கனத்தோடு எடுத்தவர்கள் இல்லை.

இடையில் நம் பங்கு ஒன்று உண்டு. பங்குபாபு அச்சேறிய அடுத்த வருடம், 1963 ஏப்ரலில், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வந்தது. விஞ்ஞானத்தில் எங்கோ போய்விட்ட ஒரு கிரகத்தில் பாட்டும் ஆட்டமும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் தேடி பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கிரகம் வேறாக இருந்தாலும் அங்கேயும் தமிழ்தான் பேசினார்கள், எங்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. வந்தவனுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு ‘சங்கீதம்’ என்று விடை சொன்ன படம் உலகத்தில் அதிகம் இருக்காது. இன்றைக்கு அந்த ராக்கெட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1966 ஜனவரியில் அங்கே விஞ்ஞானப் புனைகதைப் படங்களுக்கென்றே ஒரு திரைப்பட மன்றம் தொடங்கினார்கள். ராய் அதன் தலைவர். வாழ்த்துக் கேட்டு கொழும்பில் இருந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்குக் கடிதம் போட்டிருந்தார். பதில் வந்தது. அதே வருடம் லண்டனில் இருவரும் சந்தித்தார்கள். கிளார்க் அப்போது இயக்குநர் குப்ரிக்கோடு ‘2001’ பட வேலையில் இருந்தார். பேச்சுவாக்கில் ராய் தன் மனசில் இருந்த கதையைச் சொல்ல, கிளார்க் கொழும்புக்குப் போய் அதைத் தன் கூட்டாளி மைக் வில்சனிடம் சொன்னார். காகிதமே இன்னும் உருவாகவில்லை, அதற்குள் கதை கைமாறிவிட்டது.

இந்த மைக் வில்சனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். ராயின் விவரிப்பில் அவர் பெரும்பாலும் வில்லன். எனக்கு அப்படி ஒரேயடியாக ஒதுக்க முடியவில்லை. அவர் கிளார்க்கோடு இலங்கைக் கடலில் முத்துக்குளிப்பவர்களைவிட ஆழமாக முங்கியவர். 1956இல் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலடியில், போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேஸ்வரம் கோயிலின் இடிபாடுகளை இருவரும் கண்டார்கள். கடலுக்குள் கிடந்த சிவலிங்கத்தை மேலே கொண்டுவந்தவர் வில்சன். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. 1961இல் தெற்குக் கடலில் கிரேட் பாஸஸ் பாறைத்திட்டின் அருகே மூழ்கிய கப்பலில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் மூட்டை மூட்டையாகக் கிடைத்ததும் அவருடைய குழுவுக்குத்தான். 1962இல் ‘ரன் முத்து தூவ’ என்று முதல் சிங்களக் கலர்ப் படத்தை இயக்கியவரும் அவரே. மூழ்கிக் கிடக்கிற பொருளை முகர்ந்து கண்டுபிடிக்கிற ஆள். ராயின் கதையையும் அப்படித்தான் முகர்ந்தார்.

1967 பிப்ரவரியில் வில்சன் கல்கத்தா வந்து இறங்கினார். ராய் அப்போது குடியிருந்த தெருவுக்கு லேக் டெம்பிள் ரோடு என்று பெயர். ஏரிக்கோயில் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராய் தன் படங்களுக்கான குறிப்புகளை எல்லாம் வங்காளக் கடைக்காரர்கள் வரவு செலவு எழுதும் சிவப்புத்துணி பைண்டு போட்ட கணக்குப் பேரேட்டில்தான் எழுதுவார், ஓரத்தில் படமும் வரைவார். இந்தத் திரைக்கதை வெளிநாட்டுப் பணத்தை நம்பியது, ஆகவே ஆங்கிலம். சுமார் இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. பக்கத்திலேயே வில்சன் உட்கார்ந்திருந்தார்.

கதை பெரிதாகிவிட்டிருந்தது. வங்காளக் கிராமம் ஒன்றில் தாமரைக் குளத்துக்குள் ஒரு விண்கப்பல் இறங்குகிறது. தண்ணீருக்கு மேல் அதன் கூம்பு மட்டும் தெரிகிறது. ஊர் ஜனங்கள் பூமிக்குள் புதைந்த கோயில் மேலே எழும்பிவிட்டது என்று கும்பிட ஆரம்பிக்கிறார்கள். கடலடியில் கோயிலைத் தேடிப் பிடித்த ஒரு ஆள் அறையில் இருக்க, குளத்தடியில் கோயில் என்று நம்பும் ஜனங்களைப் பற்றி ஏரிக்கோயில் தெருவில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கதையில் வந்தால் நம்ப மாட்டோம்.

கப்பலில் வந்த பிராணி குள்ளம். பெரிய தலை, குச்சிக் கை கால், பஞ்சத்தில் அடிபட்ட குழந்தை மாதிரி ஒட்டிய உடம்பு. ஆணா பெண்ணா சொல்ல முடியாது. விளையாட்டுப் புத்தி. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வயல் நெல்லை விளைய வைத்துவிடுகிறது. பருவம் தப்பி மாமரத்தைக் காய்க்க வைக்கிறது. சிதையில் கிடக்கும் கிழவனின் கண்ணைத் திறக்க வைக்கிறது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, இங்கே எது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆவல்தான். ஊரில் அதற்கு வாய்த்த கூட்டாளி ஹபா என்ற சிறுவன். பிச்சை எடுத்தும் பழம் திருடியும் வயிறு கழுவுகிறவன். அவனுடைய கனவுக்குள் புகுந்து அவனோடு விளையாடுகிறது. மற்ற மூவர் வெளியாட்கள். கல்கத்தாவிலிருந்து வரும் பத்திரிகைக்காரர். குழாய்க் கிணறு தோண்ட வந்த டெவ்லின் என்ற அமெரிக்கர். அப்புறம் பஜோரியா என்ற மார்வாரி பணக்காரர்.

எழுமலைக்காரன் இதைப் படித்தால் முதலில் கேட்கிற கேள்வி வேறாக இருக்கும்: ஹபா எந்தத் தெருப் பையன்? இங்கிருந்து சில கிலோமீட்டரில் உத்தப்புரம். 1989இல் எழுப்பப்பட்டு ஊரைச் சாதியால் இரண்டாக அறுத்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6ஆம் தேதிதான் அரசு இடித்துப் பாதை விட்டது. பக்கத்துத் தெருக்காரன் முகத்தைப் பார்க்க 19 வருடம் பிடித்த பூமி இது. வேற்றுக்கிரகத்துப் பிராணி இங்கே இறங்கினால் சுவரின் எந்தப் பக்கம் இறங்கியது என்பதை வைத்துத்தான் அது தெய்வமா பேயா என்று முடிவாகும். ராய் தெரிந்தே அதை ஹபாவிடம் அனுப்பினார்.

பஜோரியாவுக்கு வருவோம். குளத்தில் கோயில் எழும்பியது என்றதும் அவருக்குப் பக்தி பொங்குகிறது. குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, சுற்றிலும் சலவைக்கல் பாவி, திருப்பணி செய்தவர் இன்னார் என்று கல்வெட்டில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும். நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட் மேல் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதியிருப்பார்களே, அந்த ஜாதி. இந்த வேஷத்துக்கு வில்சன் ஒரு பெயரைச் சொன்னார்: பீட்டர் செல்லர்ஸ். ‘தி மில்லியனரஸ்’ படத்தில் இந்திய டாக்டராக நடித்துப் பேர் வாங்கியிருந்தவர்.

இனிமேல் காகிதம் வேகமாக ஓடுகிறது. அதே வருடம் பாரிஸில் ராய் செல்லர்ஸைச் சந்தித்தார். அதற்கு முன் ராயின் ஒரு படத்தைக்கூட செல்லர்ஸ் பார்த்ததில்லை. ‘சாருலதா’வைப் போட்டுக் காட்டினார்கள், பார்த்துவிட்டுக் கண்கலங்கி வந்தார், ஒத்துக்கொண்டார். கொலம்பியா பிக்சர்ஸ் பணம் போடத் தயார் என்று வில்சன் தந்தியடித்தார். ஜூனில் ராய் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் இறங்கினார்.

அங்கேதான் அவர் தன் திரைக்கதையை முதல்முறையாகச் சைக்ளோஸ்டைல் பிரதியாகப் பார்த்தார். கட்டுக்கட்டாக இருந்தது. முதல் பக்கத்தில் உரிமை: மைக் வில்சன், சத்யஜித் ராய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் எழுதியவர் பெயருக்கு முன்னால் ஏறிவிட்டது.

இங்கே எனக்குப் பஜோரியா ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? குளத்தில் தானாக வந்து இறங்கிய ஒன்றின்மேல் கல்வெட்டு வைக்கத் துடிக்கிற ஒரு ஆளை ராய் பிப்ரவரியில் எழுதினார். ஜூனில் அந்தக் கல்வெட்டு எழுதிய தாளின் தலையிலேயே விழுந்திருந்தது. எழுதும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத்தான் பஜோரியாவை வரைந்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது, என் குசும்பு.

கொலம்பியா ராயின் பங்குக்கு வில்சன் கையில் 10,000 டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. அதில் ஒரு காசும் ராய் கைக்கு வரவில்லை. ஹாலிவுட் விருந்துகளில் ராய் ஒதுங்கி நின்றார். திரும்புகிற விமானத்திலேயே இந்தப் படம் எழும்பாது என்று அவருக்குப் பட்டுவிட்டது. ஆனாலும் ஆசை விடுமா? அக்டோபரில் லண்டன் போனார். கொலம்பியாவின் லண்டன் ஆபீஸ், வில்சனைக் கழற்றிவிட்டு வந்தால் உடனே ஆரம்பிக்கலாம் என்றது. வில்சன் கழலவில்லை. அமெரிக்கர் வேஷத்துக்கு மார்லன் பிராண்டோ, ஸ்டீவ் மெக்வீன் என்று பெயர்கள் அடிபட்டன. 1968இல் செல்லர்ஸ், தன் பாத்திரம் முழுமையாக இல்லை என்று கடிதம் எழுதி விலகிக்கொண்டார். பெரிய வேஷம் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று ராய் எதுகை மோனையோடு கிண்டலாகப் பாட்டிலேயே பதில் போட்டார். அதே வருடம் வெளியான ‘தி பார்ட்டி’யில் செல்லர்ஸ் அசட்டு இந்தியனாக வருகிறார். அதில் அவர் வளர்க்கும் குரங்கின் பெயர் அப்பு. ‘பதேர் பாஞ்சாலி’யின் அப்பு. அந்தத் தேள்கொட்டு ராய்க்குக் கடைசிவரை கடுத்தது.

அப்புறம் கொழும்பிலிருந்து கிளார்க்கின் கடிதம். மைக் வில்சன் தலையை மழித்துக்கொண்டு தென்னிந்தியக் காட்டுக்குத் தியானம் பண்ணப் போய்விட்டார்.

முதல் தடவை இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மடக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். தென்னிந்தியக் காடு என்றால் எங்கள் ஊர்க்காரன் கை தன்னால் மேற்கே நீளும். சாப்டூருக்கு மேலே சதுரகிரி, அதற்கு அந்தப் பக்கம் வருசநாட்டு மலை, மேகமலை. சித்தர்கள் மூலிகையாகவும் நாயாகவும் திரிகிறார்கள் என்று சொல்லப்படும் மலை சதுரகிரி. அமாவாசைக்குக் கூட்டம் அள்ளும். வெள்ளைக்கார சாமியார்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கட்டக் காவி, காலில் செருப்பில்லாமல், டீக்கடையில் இரண்டு விரலைக் காட்டிப் பிஸ்கட் வாங்குவார்கள். யார், எவர், எங்கே எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த வரிசையில் ஒருவர் ஹாலிவுட்டில் வேற்றுக்கிரகப் படம் எடுக்கக் கொலம்பியாவிடம் முன்பணம் வாங்கியவராகக்கூட இருந்திருக்கலாம் என்று நினைத்தால், அந்த டீக்கடையை இப்போது பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

சாமியாராகப் போனவர் கடைசியாக ஒரு சின்னக் கடிதம் எழுதினார். திரைக்கதைமேல் எனக்கு இருந்த உரிமையை விட்டேன் என்று. பெயரை எடுத்துவிட்டார். பஜோரியா செய்யாததைச் செய்தார். பின்னாளில் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் கதிர்காமத்து முருகனடியாராகவே வாழ்ந்து 1995இல் இலங்கையில் இறந்தார். கோணேசரைக் கடலில் இருந்து எடுத்தவரைக் கதிர்காமத்தான் எடுத்துக்கொண்டான் என்று யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

உரிமை திரும்பிய நேரத்தில் காகிதம் ஆறிப்போயிருந்தது. 1970கள் முழுக்க அவ்வப்போது யாராவது கொலம்பியாவில் தூசி தட்டுவார்கள், பிறகு மூடிவிடுவார்கள். ராயும் சும்மா இல்லை. வேற்றுக்கிரகத்தான் வராவிட்டால் என்ன, தாத்தா எழுதிய கதையிலிருந்து பேய்களைக் கூட்டிவந்து ‘கூப்பி கைன் பாகா பைன்’ எடுத்தார். 1969இல் கல்கத்தாவில் அது ஓடோ ஓடென்று ஓடியது. பேய்க்கு அமெரிக்கப் பணம் தேவைப்படவில்லை.

1977இல் அதே கொலம்பியா ஒரு வேற்றுக்கிரகப் படத்தை வெளியிட்டது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘குளோஸ் என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்’. அதில் இந்தியாவும் வருகிறது. மகாராஷ்டிரத்தில் ஹால் என்ற கிராமத்தில் பெருங்கூட்டத்தைக் கூட்டி எடுத்தார்கள். ஐந்து சுரத்தை எல்லோரும் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் வானத்தைக் காட்டுகின்றன. சிலிர்க்கிற காட்சி, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்துக்கும் பெயர் கிடையாது. அதில் விஞ்ஞானியாக வருபவர் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ. கையால் சாப்பிடுகிற குடியானவர்களைப் பார்க்கப் பொறுமையில்லை என்று ‘பதேர் பாஞ்சாலி’ பாதியிலேயே எழுந்து போனார் என்று சினிமாக்காரர்கள் இன்றும் சொல்கிற அதே த்ரூஃபோ. அவரே இந்தியக் கிராமத்துக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்ததையும் ஸ்பீல்பெர்க் கொலம்பியாவிடம்தான் கொண்டுபோனார். குழந்தைகள் படம், ஓடாது என்று விட்டுவிட்டார்கள். யுனிவர்சல் எடுத்தது. 1982இல் வந்த அந்தப் படம் ‘ஈ.டி.’. தமிழ்நாட்டில் ஆங்கிலமே தெரியாதவர்கள்கூட அந்த விரலையும் சைக்கிளையும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். கையில் வந்த வேற்றுக்கிரகத்தாரில் இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பிய கம்பெனி என்று கொலம்பியாவுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

படத்தைப் பார்த்த கிளார்க் ராய்க்குப் போன் போட்டார். ஒற்றுமைகளைச் சொல்லி ஸ்பீல்பெர்க்குக்கு எழுதச் சொன்னார். பெரிய தலைக் குட்டிப் பிராணி, துணைக்கு ஒரு சிறுவன், வாடிய செடியைப் பூக்க வைக்கும் வித்தை, சேட்டை, பகையே இல்லாத சுபாவம். அமெரிக்கா முழுக்க என் திரைக்கதையின் மிமியோகிராஃப் பிரதிகள் சுற்றியிராவிட்டால் ‘ஈ.டி.’ வந்திருக்காது என்று ராய் வெளிப்படையாகவே சொன்னார். அதற்குமேல் போகவில்லை. கலைஞனுக்கு இதைவிட உருப்படியான வேலைகள் இருக்கின்றன என்று வழக்கை ஒதுக்கினார். ஸ்பீல்பெர்க் மறுத்தார். அந்தத் திரைக்கதை ஹாலிவுட்டில் சுற்றியபோது நான் பள்ளிக்கூடப் பையன் என்று கிளார்க்கிடம் சொன்னார். இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. அவர் 1946 டிசம்பரில் பிறந்தவர், பள்ளி முடித்தது 1965இல். 1967இல் வயது 20, காலேஜ். ஆனாலும் வயது இடிப்பதை வைத்துத் திருட்டு என்று நான் சொல்லிவிட மாட்டேன்.

ஏனென்றால் கூடையை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வட்டிக் கணக்கைப் போட்ட பையன்களில் சுண்டல் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன்தான். அவன் அடுத்தவனிடம் சொன்னான், அவன் அண்ணனிடம் சொன்னான், அண்ணன் டியூஷனில் ‘இந்த மாதிரி வரலாம்’ என்றான். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்த எழுபது பேரில் நீ எங்கே திருடினாய் என்று எவனைக் கேட்டாலும் நான் திருடவில்லை என்பான், அது பொய்யும் இல்லை. ஒரு ஸ்டென்சிலில் நூற்றுக்கணக்கான பிரதி எடுக்கலாம். கொலம்பியாவின் மேஜையிலிருந்து ஏஜென்ட், ஏஜென்டிடமிருந்து நடிகர், நடிகர் வீட்டு விருந்து. கதையைப் படிக்காமலேயே கதை காதில் விழுந்திருக்கும். ராய் சொன்னதும் கிட்டத்தட்ட இந்தக் கூடையைப் பற்றித்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போன பொருள் எது, போகாத பொருள் எது என்று தெரிந்துவிடும். ‘ஈ.டி.’யில் பையனுக்குச் சொந்த வீடு இருக்கிறது, பிராணியை ஒளித்துவைக்க அலமாரி இருக்கிறது, கொறிக்க மிட்டாய் இருக்கிறது. ஹபாவுக்கு ஒளித்துவைக்க இடம் எது? கனவு ஒன்றுதான், பிராணி அதற்குள்தான் வருகிறது. அங்கே எதிரி அரசாங்கம், இங்கே எதிரி பக்தியோடு வருகிற பணம். குளத்தைக் கும்பிடுகிற ஊரை ராய் கேலி செய்யவும் இல்லை, மேலே தூக்கிவைக்கவும் இல்லை. இதையெல்லாம் எந்த உருளையில் மாட்டிச் சுற்றினாலும் பிரதி விழாது.

1992இல் கல்கத்தா நர்சிங் ஹோம் படுக்கையில் ராய் கௌரவ ஆஸ்காரை வாங்கிக்கொண்டு பேசியதை டிவியில் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 23ஆம் தேதி, போய்விட்டார். காகிதம் அவரைவிட ஆயுசு கெட்டி. 2018இல் ராய் சொசைட்டி, மகன் சந்தீப் ராயின் மேற்பார்வையில், திரைக்கதை, கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகக் கொண்டுவந்தது. 51 வருடம் கழித்து கடையில் விலை கொடுத்து வாங்கக் கூடிய பொருளாயிற்று. பளபள அட்டை, சுத்தமான அச்சு, ஒரு கறுப்புப் பொட்டு கிடையாது. எனக்கென்னவோ ஸ்டென்சில் மை வாடையில்லாத அந்தப் பக்கங்கள் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தன.

போன வைகாசியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தது என் கூடப் படித்தவன், சோளமும் பருத்தியும் போடுகிறவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு அந்த மாதம்தான் இரண்டாவது போர் போட்டிருந்தான், தூசிதான் பறந்தது. விண்கப்பல், ஹபா, ஹாலிவுட், காட்டுக்குப் போன சாமியார் என்று எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான். ஸ்பீல்பெர்க் இடம் வந்தபோது காதுக்குள் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். நான் முடித்ததும் கிளாஸைக் கீழே வைத்தான்.

“அதெல்லாம் சரி மாப்ள. அந்த அமெரிக்காக்காரன் போட்ட போர்ல தண்ணி வந்துச்சா?”